லீவு லெட்டரில் எழுத முடியாத காரணம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் லீவு பற்றிப் பேசப் போகிறேன்.

நம்மில் பலருக்கும் தெரிந்த டீச்சர் ஒருவர், அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறவர், வருகிற ஜூனிலிருந்து ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. 'காரணம்' என்கிற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டிருக்கிறார். உண்மையான காரணம் ஒரு நாவல். பாதி எழுதியாகிவிட்டது. மூணு வருஷமா அந்தப் பாதியிலேயே நிக்குது. அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

பொங்கல் முடிந்ததும் அவருடைய வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிவிடும். அட்வான்ஸ் வாங்கிய அப்பா அம்மாவோடு பிள்ளைகள் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேராக வரிசையாக ஆப்சென்ட். மழை ஆரம்பித்து சூளை நின்ற பிறகு சிலர் திரும்புவார்கள், சிலர் திரும்புவதில்லை. அப்படித் திரும்பாத ஒரு பெண்ணைத் தேடி ஒரு டீச்சர் கிளம்புவதுதான் கதை. இதுவரை எழுதியதை நான் படித்தேன். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அவர் செய்திருக்கிற காரியத்தை இங்கே சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

இதை ஏன் லீவு போட்டுத்தான் எழுதணும்? ராத்திரி எழுதக்கூடாதா என்று கேட்கலாம். நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். கூட்டம் குறைகிற நேரத்தில் சலான் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிவிடுவேன். என் தொகுப்பில் பாதி அப்படி வந்ததுதான். கவிதை அந்த அளவு நேரத்துக்குள் அடங்கும். நாவல் அடங்காது. முப்பது பேருடைய நடமாட்டத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் உட்கார வேண்டும். நடுவில் ஒரு வாரம் விட்டால் அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். டீச்சர் காலையில் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, பஸ் பிடித்து, சாயங்காலம் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்கு வருகிறவர். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவருக்கு மிச்சமிருப்பது தூக்கம் மட்டும்தான்.

தலித்துகள் கவிதை எழுதுகிறார்கள், தன்வரலாறு எழுதுகிறார்கள், பெரிய நாவல் ஏன் வரவில்லை என்று நம்மைப் பார்த்துக் கேட்கிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். வந்திருக்கிறது என்பது ஒரு பதில். சிவகாமி ஐ.ஏ.எஸ். பணியில் இருந்துகொண்டு 1989இல் 'பழையன கழிதலும்' கொண்டுவந்தார். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார். 'கோவேறு கழுதைகள்' 1994. ஆனால் கேள்வி கேட்கிறவர் யாருடைய கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது என்று நாம் கேட்கிறோம். நேரம் யாரிடம் இருக்கிறது என்பதும் அதே கேள்விதான். குத்தகை வருகிற வீட்டில் பிறந்தவன் லீவு லெட்டர் இல்லாமலே எழுதலாம்.

பாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் லீவு எடுக்கவில்லை. கன்னியர் மடத்தை விட்டு 1992இல் வெளியே வந்தார். அதே வருஷம் 'கருக்கு' வந்தது. இருந்த இடம் போய், அடுத்த இடம் கிடைக்காத அந்த இடைவெளிதான் அவருக்குக் கிடைத்த அவகாசம். அப்படி எல்லாவற்றையும் இழந்துதான் நம்மாள் ஒருவர் எழுத நேரம் சம்பாதிக்க வேண்டுமா?

அண்ணல் விஷயத்துக்கு வருகிறேன். பரோடா உதவித்தொகை முடிந்துபோனதால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் கிளம்பியது நமக்குத் தெரிந்த கதை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920இல் வேலையை விட்டார். சேமிப்பு, கோல்ஹாப்பூர் சாகு மகராஜ் செய்த உதவி, நவல் பாதேனா என்ற பார்சி நண்பர் கொடுத்த கடன் – இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மறுபடி லண்டன் போனார். ரூபாய் பற்றிய அவருடைய ஆய்வு 1923இல் புத்தகமாயிற்று. அது கதை இல்லை, சரி. ஆனால் ஒரு தலித் ஆசிரியர் வகுப்பை விட்டுவிட்டு எழுதப் போனார், அதற்கு யாரோ பணம் கொடுத்தார்கள் என்பதை நாம் கவனிப்பதே இல்லை. கோட்டும் புத்தகமுமாகச் சிலை வைக்கிறோம். கடன் கொடுத்த நண்பனை மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் ஹார்ப்பர் லீ விமான கம்பெனியில் டிக்கெட் பதிவு செய்கிற குமாஸ்தாவாக இருந்தவர். 1956 கிறிஸ்துமஸ் அன்று நண்பர்கள் ஒரு வருஷச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, போய் எழுது என்றார்கள். நாவல் 1960இல் வந்தது. கறுப்பனுக்கு நடந்த அநியாயத்தை வெள்ளைக்காரப் பெண் எழுதினார் என்பது தனி விவாதம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அந்தக் கவர்.

நான் குமாஸ்தா, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன் தவணை, அப்பாவுக்கு மருந்து, தம்பியின் காலேஜ் ஃபீஸ், அரிசி பருப்பு எல்லாம் சேர்த்து டீச்சர் வீட்டுக்கு மாசம் 30,000 ரூபாய் இல்லாமல் நடக்காது. ஆறு மாசத்துக்கு 1,80,000. நம் வட்டத்தில் சம்பளம் வாங்குகிற இருபது பேர் மாசம் 1,500 போட்டால் முடிந்தது. இன்க்ரிமென்ட் தள்ளிப்போவதை நம்மால் ஈடுகட்ட முடியாது. அந்த நஷ்டத்தை அவர் ஏற்கிறார். இது கடன் இல்லை. வட்டியும் இல்லை, வசூலும் இல்லை.

போன வாரம் ஒரு தோழர் கோபமாகக் கேட்டார்: "நம்ம புள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல நம்ம டீச்சரே ஆறு மாசம் இல்லன்னா எப்படி? கதை முக்கியமா, புள்ளைங்க முக்கியமா?" நியாயமான கேள்வி. தேர்தல் வேலைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆசிரியர்களை இழுத்துக்கொண்டு போகும்போது யாரும் இதைக் கேட்பதில்லை என்று நான் பதில் சொல்லலாம். ஆனால் அது அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் ஆகாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஆள் போட வழி இருக்கிறது. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற இரண்டு பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள்.

இன்னொன்று. காசு கொடுக்கிறோம் என்பதற்காக நாவலில் என்ன வர வேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. துண்டறிக்கை எழுத நாம் இருக்கிறோம். டீச்சருடைய கதையில் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிற நம்ம ஆள் வருகிறான். கட்சிக் கொடி கட்டின ஆள் சூளைக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறான். படிக்கும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. 'கருக்கு' வந்தபோது பாமா சில மாதங்கள் சொந்த ஊருக்குள் போக முடியாமல் இருந்தார், நம் ஜனங்களேதான் கோபப்பட்டார்கள். அந்தத் தொல்லையை இந்த டீச்சருக்கு நாம் கொடுக்கக்கூடாது. அத்தியாயம் கொண்டா, பார்க்கலாம் என்று மாசாமாசம் போய் நிற்கவும் கூடாது.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொம்பளை லீவில் இருக்கிறாள் என்றால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பிரசவம் பார்க்க, காதுகுத்துக்குச் சமைக்க என்று கூப்பிட வந்துவிடுவார்கள். அவருடைய வீட்டுக்காரரும் இங்கே வந்திருக்கிறார். சாரிடம் தனியாகப் பேசினேன். காலை சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை பேர் சாட்சி.

மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. மாணவர்கள் பணம் போட வேண்டாம். கைப்பிரதியைத் தட்டச்சு செய்ய இரண்டு பேர் வேண்டும், அதற்குப் பெயர் கொடுங்கள். இருபது பேர் சேர்ந்ததும் டீச்சர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவார். இப்போது பதினொன்று ஆகியிருக்கிறது.