நல்ல தாள் எழுதுவதற்கே
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் திகன வாழ் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



ஐரோப்பாவிலிருந்து ஊர் வரும் தோழியர் முன்பெல்லாம் எங்களுக்குச் சொக்லட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இப்போது பலர் கொண்டுவருவது காகிதாதிகள்: கடிதத் தாள், உறை, கொப்பி, பேனை. பாரமில்லை, உடையாது, பழுதாகாது. நல்ல தெரிவுதான்.

வாங்கும்போது சற்றுக் கவனியுங்கள். இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் மாபிள் தாளுக்குப் பேர்போனது. அங்கே ஜியான்னினி குடும்பத்தார் 1856 இல் கடை தொடங்கினார்கள். கெட்டியாக்கிய நீரில் நிறத்துளிகளை மிதக்கவிட்டு, சீப்பால் இழுத்துக் கோலமாக்கி, அதன்மேல் தாளைப் படியவைத்து எடுப்பார்கள். ஆகவே ஒரு தாளைப் போல் இன்னொன்று இராது. எல்லாத் தாளும் ஒரே கோலமாக இருந்தால் அது அச்சிட்டது. பப்ரியானோ ஊர்த் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீர்க்குறி தேடுங்கள். தாளில் நீர்க்குறி இடும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டில் அவ்வூரில்தான் பிறந்தது.

இதற்கு ஈடானது நம் பக்கத்திலும் உண்டு. மாத்தளை அலுவிகாரையில் ஓலையை எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் தடவித் துடைத்து, எழுத்தைக் கறுப்பாக எழச் செய்கிறார்கள். போகிறவரின் பெயரை எழுதியும் கொடுப்பார்கள். அங்கிருந்து நாம் கொண்டுவருவது எழுதிய ஓலை.

ஐரோப்பியத் தாளுக்கு அந்தப் பேறு கிடைப்பதில்லை. எழுதினால் வீணாகிவிடும் என்று அலுமாரியில் அடுக்கி வைக்கிறோம். நம் மலைநாட்டு ஈரத்தில் தாள் பழுத்துப்போகும், பூச்சியும் அரிக்கும்.

எங்கள் ஆசிரியைகளில் சிலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள். கைபேசியின் சிறிய எழுத்து அவர்கள் கண்ணுக்குப் பிடிபடாது. கடிதமென்றால் மேசையில் வைத்து ஆறுதலாக வாசிப்பார்கள். வருகிறவர்களுக்கும் எடுத்துக் காட்டுவார்கள். அடுத்த ஒன்றுகூடலில் இவர்கள் எல்லோரையும் காண்போம் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. நல்ல தாள் வாங்கினால், அதன் முதல் தாளில், அந்த ஊரில் இருக்கும்போதே, உங்கள் ஆசிரியை ஒருவருக்குத் தமிழில் பத்து வரி எழுதுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளும் கீழே ஒரு வரி எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் ரீச்சர் திருத்தட்டும். அவ்வூர் முத்திரை ஒட்டித் தபாலில் போடுங்கள். முகவரிகளைச் சங்கச் செயலாளரிடம் பெறலாம்.

மீதித் தாள்களை எங்களுக்குக் கொண்டுவாருங்கள். நாங்களும் அவற்றிலேயே உங்களுக்குப் பதில் எழுதுவோம்.