கேட்காத மணி

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி ‘போலார் எக்ஸ்பிரஸ்’ என்ற கார்ட்டூன் படம் காட்டப்பட்ட பின், பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரை)



பிள்ளைகள் எல்லாரும் பாயசம் சாப்பிட வெளியே போய்விட்டார்கள். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். பிள்ளைகள் காதில் விழக்கூடாத சில விஷயங்களை நாம் இப்போது பேசப் போகிறோம்.

படம் முடிந்து விளக்குப் போட்டவுடன் இரண்டு கேள்விகள் என் காதில் விழுந்தன. ஒரு சிறுமி தன் தாயாரிடம் கேட்டாள்: “அம்மா, கிறிஸ்மஸ் தாத்தா நெசமாவே இருக்காரா?” அந்தத் தாயார் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் வந்து கேட்டார்: “இவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? இருக்கிறார் என்றால் அது பொய். இல்லை என்றால், நாளைக்குக் குடிலில் இருக்கும் பாலன் இயேசுவையும் இதே போலக் கதை என்று தள்ளிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.”

சிறுமியின் கேள்வி எளியது. தாயின் கேள்வி பெரியது. பிள்ளைகளின் விசுவாசத்தைப் பற்றிய கேள்வி அது. ஆகவே நான் எழுதி வந்த உரையை மடித்து வைத்துவிட்டு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேட விரும்புகிறேன். பதிலுக்கு வேண்டிய அநேக காரியங்கள் இப்போது பார்த்த படத்திலேயே இருக்கின்றன.

முதலில் படத்தின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பிறந்தவர் கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் என்ற ஓவியர். அவர் எழுதி, அவரே படம் வரைந்து 1985-ல் வெளியிட்ட சிறிய சித்திரக் கதைப் புத்தகம் இது. மறு ஆண்டே அந்நாட்டில் குழந்தைகளுக்கான சித்திரப் புத்தகங்களுக்கு வழங்கப்படும் கால்டிகாட் பதக்கத்தைப் பெற்றது. 2004-ல் ராபர்ட் ஜெமெக்கிஸ் என்ற இயக்குநர் அதைத் திரைப்படமாக்கினார். டாம் ஹாங்க்ஸ் என்ற நடிகர் தந்தையாக, இரயில் கண்டக்டராக, கூரைமேல் திரியும் நாடோடியாக, கிறிஸ்மஸ் தாத்தாவாக என்று பல பாத்திரங்களில் வருகிறார்.

அவர் நம் கண்ணுக்கு நேராகத் தோன்றவில்லை. உடலெங்கும் சிறுசிறு அடையாளப் புள்ளிகள் ஒட்டிய உடையை அணிந்து அவர் நடிக்க, அந்த அசைவுகளைக் கருவிகள் பதிவு செய்ய, அதன்மேல் கம்ப்யூட்டர் உருவங்களைத் தீட்டியது. படம் வந்தபோது சில விமரிசகர்கள் ஒரு குறை சொன்னார்கள். கை கால் அசைவெல்லாம் மனிதரைப் போல இருக்கிறது, ஆனால் கண்களில் உயிர் இல்லை என்றார்கள். இதைச் சற்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடலின் அசைவைக் கருவி பிடித்துவிட்டது. உள்ளிருந்து வரும் ஒளியை அதனால் பிடிக்க முடியவில்லை. நம் பிள்ளைகளுக்கும் கைகூப்புவதையும் சிலுவை அடையாளம் வரைவதையும் கற்றுக்கொடுத்துவிடலாம். உள்ளொளிக்கு என்ன செய்வது? தாயாரின் கேள்வியும் இதுவேதான்.

இனிக் கதைக்கு வருவோம். ஒரு சிறுவன், படத்தில் அவனுக்குப் பெயரே இல்லை. கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு தூங்காமல் படுத்திருக்கிறான். அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கலைக்களஞ்சியத்தைப் புரட்டுகிறான், வடதுருவத்தில் உயிர் வாழ்க்கையே கிடையாது என்று அதில் இருக்கிறது. செய்தித்தாள் துணுக்குகளை எல்லாம் வெட்டிச் சேர்த்து வைத்திருக்கிறான். ஒரு வக்கீல் வழக்குக்குச் சான்று சேர்ப்பது போலச் சேர்க்கிறான்!

அந்த நள்ளிரவில்தான் வீட்டு வாசலில் நீராவி எஞ்சின் பூட்டிய இரயில் வந்து நிற்கிறது. கவனியுங்கள், நன்றாக நம்பிக்கொண்டு தூங்குகிற பிள்ளையின் வாசலுக்கு அந்த இரயில் வரவில்லை. சந்தேகப்பட்டு விழித்திருக்கிறவனைத் தேடி வருகிறது. கண்டக்டர் அவனைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவதுமில்லை. வருகிறாயா என்று கேட்கிறார், அவன் தயங்குகிறான், சரி, உன் இஷ்டம் என்பது போல இரயிலை விட்டுவிடுகிறார். பிறகு அவனாகவே ஓடித் தொற்றிக்கொள்கிறான்.

இது நமக்கு முதலாவது பாடம். பிள்ளை கேள்வி கேட்டால் நாம் பதறிவிடுகிறோம். “சாமி விஷயத்தில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று வாயை அடைக்கிறோம். ஆனால் உயிர்த்த ஆண்டவர் தோமையாரை வாயடைக்கவில்லையே! எட்டு நாள் கழித்து, அந்தச் சந்தேகப்பட்டவருக்காகவே மறுபடியும் வந்து, காயங்களைக் காட்டினார் என்று அருளப்பர் நற்செய்தி கூறுகிறது. மாற்கு நற்செய்தியின் 9-ம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுகிறான். ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளை விசுவாசத்தை விட்டு வெளியே போகிற பிள்ளை அல்ல. வாசலில் நிற்கிற பிள்ளை.

இரண்டாவது, அந்த மணி. வடதுருவத்தில் கலைமான்களின் சேணத்திலிருந்து ஒரு வெள்ளி மணி கழன்று சிறுவனின் காலடியில் உருண்டு வருகிறது. மற்றப் பிள்ளைகள் மணியோசையைக் கேட்டு மகிழ்கிறார்கள். இவன் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறான்; ஓசை இல்லை. கண்ணை மூடி, மனதைத் திறந்து, நம்புகிறேன் என்று சொன்ன பிறகுதான் மணி ஒலிக்கிறது. அதே மணியின் பளபளப்பில் கிறிஸ்மஸ் தாத்தாவின் உருவமும் தெரிகிறது.

இதைப் பார்த்துவிட்டு, “கண்ணை மூடிக்கொண்டு எதையாவது நம்பினால் போதும் என்று இந்தப் படம் சொல்கிறதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படத்தில் பெத்லகேம் இல்லை. கதை முழுவதும் கிறிஸ்மஸ் தாத்தாவைச் சுற்றியே போகிறது. நம் விசுவாசமோ வெறும் மனநிலை அல்ல. அது ஒருவர்மேல் வைக்கும் விசுவாசம். இந்த வித்தியாசத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மணியோசை கேட்பதற்கு முன்னால் சிறுவன் என்ன செய்திருந்தான் என்பதையும் பார்க்க வேண்டும். இரயில் பாதைக்கு அப்பால் ஏழை வீட்டுப் பையன் ஒருவன், பில்லி. கிறிஸ்மஸ் என்றாலே தனக்குச் சரிப்பட்டு வராது என்று ஒதுங்கிப் போகிறவன். இரயிலில் ஏற மனமின்றி நின்றுவிட்டு, பிறகு அதன் பின்னாலேயே ஓடிவருகிறான், எட்டவில்லை. நம் சிறுவன் அவசர பிரேக்கை இழுத்து இரயிலையே நிறுத்திவிடுகிறான்! கண்டக்டரிடம் திட்டும் வாங்குகிறான். நம்பிக்கை வராத பையன்தான் இத்தனையும் செய்கிறான். முதலில் பிறனுக்காக ஓர் அன்புச் செயல். மணியோசை அதற்குப் பிறகுதான். படம் எடுத்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ, நினையாமல் செய்தார்களோ, இந்த வரிசை சரியான வரிசை. சந்தேகத்தில் தவிக்கும் பிள்ளைக்கு நீண்ட பிரசங்கம் பலன் தராது. ஏழை ஒருவன் வீட்டுக்கு அவன் கையால் ஒரு படி அரிசி கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். காது தானே திறக்கும்.

மூன்றாவது, கதையின் முடிவு. கிறிஸ்மஸின் முதல் பரிசைப் பெற அந்தச் சிறுவனே தேர்ந்தெடுக்கப்படுகிறான். எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவன் கேட்பது அந்த மணி ஒன்றையே. இரவு அங்கியின் பை ஓட்டை, மணி விழுந்துவிடுகிறது. காலையில் மரத்தடியில் ஒரு சிறு பெட்டி, அதற்குள் அதே மணி, கூடவே பையைத் தைத்துக்கொள் என்று ஒரு சீட்டு! அவனும் தங்கையும் ஆட்டிப் பார்க்கிறார்கள், இனிய ஓசை. தாயும் தந்தையும் ஆட்டிப் பார்க்கிறார்கள். பாவம், மணி உடைந்துபோயிருக்கிறது என்கிறார்கள். காலம் செல்லச் செல்ல நண்பர்களுக்கும், கடைசியில் தங்கைக்கும்கூட அந்த ஓசை நின்றுவிடுகிறது. வயதான பிறகும் அவனுக்கு மட்டும் கேட்கிறது.

பெற்றோர்களே, படத்தில் நமக்கென்று எழுதப்பட்ட இடம் இதுதான். மணி கெட்டுப்போகவில்லை. பிள்ளைகளின் வியப்பைக் காப்பாற்றுவது எப்படி என்று கவலைப்படுகிறோம். நம் வியப்பு எங்கே போயிற்று என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. நடுச்சாமத் திருப்பலிக்குப் பிள்ளையைக் குடிலருகே கூட்டிச் சென்று நிறுத்திவிட்டு, நாம் பின்னால் நின்று பலகாரக் கணக்கும் துணிக்கடைக் கணக்கும் பேசிக்கொண்டிருந்தால், பிள்ளை எதை நம்பும்?

இந்த இடத்தில் ஓர் உண்மை நிகழ்ச்சி. படத்தில் வரும் எஞ்சினுக்கு மாதிரியாக அமைந்தது, 1941-ல் ஒஹையோ மாநிலத்தின் லீமா நகரில் செய்யப்பட்ட ஒரு நீராவி எஞ்சின். அதன் எண் 1225. பன்னிரண்டாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்! 1951-ல் அதை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். 1957-ல் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டு, காட்சிப் பொருளாக அசையாமல் நின்றது. கால்பந்துப் பந்தயம் பார்க்க வந்த சிறுவன் வான் ஆல்ஸ்பர்க் அதன் மேல் ஏறி விளையாடியதுண்டு. இது இனி ஓடாது என்று பெரியவர்கள் விட்டுவிட்டதை, அப்பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கையில் எடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் துரு நீக்கி, பழுது பார்த்து உழைத்தார்கள். 1985-ல், அந்தப் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில், அது தன் சொந்த நீராவியில் மீண்டும் நகர்ந்தது. படத்தில் நாம் கேட்ட இரயில் ஓசை அந்த எஞ்சினிலிருந்தே பதிவு செய்யப்பட்டது. அது மீண்டும் ஓடும் என்று அந்த மாணவர்கள் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல் கையில் எண்ணெய்க் கறை படிய வேலையும் செய்தார்கள்.

இனித் தாயாரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். இதே கேள்வியை 1897-ல் நியூயார்க் நகரில் வர்ஜீனியா ஓ’ஹான்லன் என்ற எட்டு வயதுச் சிறுமி ‘சன்’ என்ற பத்திரிகைக்கு எழுதிக் கேட்டாள். பிரான்சிஸ் சர்ச் என்ற ஆசிரியர் அவ்வாண்டு செப்டம்பர் 21-ல் கையெழுத்திடாத ஒரு தலையங்கத்தில் பதில் எழுதினார். அன்பும் தாராள குணமும் இருப்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மையாக அவரும் இருக்கிறார் என்பது அதன் சாரம். அழகான பதில்தான். ஆயினும் கத்தோலிக்கப் பெற்றோரான நமக்கு அதைவிட நல்ல பதில் ஒன்று இருக்கிறது. நமக்கு ஒரு பெயர் தெரியும்.

நான்காம் நூற்றாண்டில், இன்று துருக்கி என்று வழங்கும் நாட்டில், மீரா நகரின் ஆயராக வாழ்ந்தவர் புனித நிக்கோலாஸ். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில், இரவில் யாரும் அறியாமல் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது பாரம்பரியம். திருச்சபை டிசம்பர் 6-ல் அவர் திருவிழாவைக் கொண்டாடுகிறது. 1087-ல் அவருடைய திருப்பண்டங்கள் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுவரப்பட்டன. டச்சுக்காரர்கள் அவரைச் சிந்தர்கிளாஸ் என்றழைத்தார்கள். அந்தப் பெயரே அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் ஆயிற்று. கலைமான் வண்டி பின்னால் வந்த அலங்காரம். யாரும் அறியாமல் கொடுத்த கை மட்டும் ஆதியிலிருந்தே இருக்கிறது.

ஆகவே அம்மா, உங்கள் மகள் விளையாட்டாகக் கேட்டால் கதையைத் தொடருங்கள். கதை சொல்வது பொய் சொல்வதல்ல. உண்மையை அறிய வேண்டும் என்று கண்ணைப் பார்த்துக் கேட்டால், மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் நீங்கள் உண்மை பேசுகிறவர் என்று அவள் கண்டால்தான், குடிலைக் காட்டி நீங்கள் சொல்வதையும் நம்புவாள். புனித நிக்கோலாஸின் வரலாற்றைச் சொல்லுங்கள். அத்துடன் இதையும் சொல்லுங்கள்: “இத்தனை வருஷம் நீ வாங்குகிறவளாக இருந்தாய். இன்றைக்கு நீ பெரியவளாகிவிட்டாய். இந்த வருஷம் நீதான் தாத்தா. தெருக்கோடி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் கட்டுவோம். யார் கொடுத்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது.”

அப்படிச் செய்யும் பிள்ளைக்கு ஒரு கதை போகும், ஒரு வாழ்வு கிடைக்கும். வியப்பு அவளை விட்டுப் போகாது, இடம் மாறும். பரிசைப் பிரிக்கிற கையிலிருந்து, பரிசைக் கட்டுகிற கைக்கு வரும். அவளோடு சேர்ந்து கட்டுகிற உங்களுக்கும், உடைந்துவிட்டது என்று நீங்கள் எண்ணியிருந்த மணி ஒருவேளை மறுபடி கேட்கக்கூடும்.

பாயசம் முடிந்து பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள். திறந்துவிடுங்கள். பாலன் இயேசு நம் எல்லார் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக.