வலையின் பெயரும் வலையின் கண்ணும்

கடலே இல்லாத ஐதராபாத்தில் கடல்தொழிற் சொற்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இது பொருத்தமான இடம்தான். மீன் திரளும் பகுதிகளைக் கணித்து மீனவருக்கு அறிவிக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 1999இல் இந்நகரில் நிறுவப்பட்டது. தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியமும் 2006 முதல் இங்கேதான் இயங்குகிறது. கரைக்குப் போகும் செய்தி இங்கிருந்து புறப்படும்போது, அது எந்தச் சொல்லில் போய்ச் சேரவேண்டும் என்பதையும் இங்கேயே பேசியாக வேண்டும். மீன்வளக் கலைச்சொற்களைக் கரையிலிருந்தே எடுக்க வேண்டும், ஏனெனில் தொழிலறிவு அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது என்பதே நான் இந்த அவையின்முன் வைக்கும் கருத்து.

ஆங்கிலத்தில் ‘டிரிஃப்ட் நெட்’ எனப்படும் வலையை எடுத்துக்கொள்வோம். மேல்கயிற்றில் மிதப்பும் கீழ்க்கயிற்றில் பாரமும் கோத்து, பொழுது சாயும் வேளையில் கடலில் சுவர்போல இறக்குவார்கள். நங்கூரம் கிடையாது. ஒரு முனையைப் படகில் கட்டிவிட்டால், நீவாடு, அதாவது நீரோட்டம், போகிற போக்கில் வலையும் படகும் சேர்ந்தே போகும். இருட்டில் வரும் மீன் வலைக்கண்ணில் தலையை நுழைக்கும். உடல் நுழையாது, பின்வாங்கினால் செவுள் மாட்டிக்கொள்ளும். இதற்கு ‘மிதவை வலை’ என்று பெயர் சூட்டினால் பொருள் பிசகும். நங்கூரமிட்டு நிறுத்திய வலையும் மிதக்கலாம், நீரோட்டத்தோடு போகும் வலையை மேல்மட்டத்துக்குக் கீழே தாழ்த்தியும் விடலாம். மலையாளக் கரை இதை ‘ஒழுக்கு வல’ என்கிறது. ஒழுகுதல் நமக்கும் பழைய வினைதான், செயலின் தன்மையை அது அப்படியே சொல்லிவிடுகிறது. தூத்துக்குடிக் கரையோ இவ்வலைகளைப் ‘பருவலை’, ‘பொடிவலை’ என்று பிரிக்கிறது. முன்னதன் கண் பெரியது, பின்னதன் கண் சிறியது. பெயரைக் கேட்டதுமே எந்த அளவு மீன் படும், எது தப்பிப் போகும் என்பது விளங்கிவிடும்.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் செய்தியன்று. 1989இன் வெலிங்டன் உடன்படிக்கை 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இத்தகைய வலைகளைத் தடைக்கு உரியவையாக வரையறுத்தது. ஐ.நா. பொதுச்சபையின் 46/215ஆம் தீர்மானம், 1992 இறுதிக்குள் ஆழ்கடலில் பெரிய ஒழுக்கு வலைகளை நிறுத்தக் கோரியது. ஓங்கில்களும் ஆமைகளும் அவற்றில் சிக்கி மடிந்த நிலையில் அந்தக் கட்டுப்பாடு தேவையானதே. ஆனால் அந்த விதியின் அளவுகோல் நீளம், கரைப்பெயரின் அளவுகோல் கண். எவ்வளவு சிக்கும் என்பதற்கு நீளமும், எது சிக்கும் என்பதற்குக் கண்ணும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கி அறிவித்தால், சிறுவலை வைத்திருப்பவருக்கு எது தனக்குப் பொருந்தும் என்றே தெரியாது.

ஊருக்கு ஊர் சொல் மாறுகிறதே, எப்படித் தரப்படுத்துவது என்று கேட்கலாம். மாறுதலுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. நம் வலை தெலுங்கில் ‘வல’, கன்னடத்தில் ‘பலெ’. நம் தெப்பம் தெலுங்கில் ‘தெப்ப’, படவு அங்கே ‘படவ’. இத்தகைய உறவுகளைப் பரோவும் எமனோவும் 1961இலேயே திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் தொகுத்துக் காட்டினர். ஊர்ப்பெயரோடு பதிவுசெய்தால் வேறுபாடே நமக்குச் சான்றாகும். பருத்தி நூல் போய் நைலான் வந்தபின் பழஞ்சொல் எதற்கு என்பது மற்றொரு கேள்வி. கரை புதுச்சொல் படைக்கவும் தயங்கியதில்லை. மூவடுக்கு வலை வந்ததும் ‘டிஸ்கோ வலை’ என்ற பெயரும் வந்தது. ஆங்கிலமே போதும் என்பாருக்குக் கட்டுமரத்தைக் காட்டுவேன். மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று தன்னைத் தானே விளக்கிய சொல், ‘கேட்டமரான்’ ஆகி இன்று இரட்டை உடல் கொண்ட கலத்தைக் குறிக்கிறது. பொருளை விட்டுப் பிரிந்த சொல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் அகராதிகள் பல கடற்சொற்களுக்கு ‘ஒருவகை வலை’, ‘ஒருவகை மீன்’ என்று எழுதி நிறுத்திவிட்டன. நீங்கள் அங்கே நிறுத்தாதீர்கள். கண்ணின் அளவு, நூல், இறக்கும் ஆழம், பருவம், படும் மீன், வழங்கும் ஊர் ஆகியவற்றைச் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதிய சொல்லைக் கரையில் வலை பின்னுகிறவரும் தம் சொல்லென்று அறிந்துகொள்வார். அந்தப் பணிக்கு உங்களை அழைத்து, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.