விசுவாசமும் ஜெபமும் தரும் விடுதலை

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றப்பட்ட உரை)



விடுதலை என்பது நம் தலைமுறைக்குப் பாரமான சொல். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டுச் சனம் வெளியேறியபோது, நாம் பாடசாலைப் பிள்ளைகள். இன்று நம்மிற் சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் வாழ்கிறோம். சிலர் இங்கேயே இருக்கிறோம். எங்கிருந்தாலும் பழைய பயமும் மனக்கசப்பும், "நாங்கள் மட்டும் தப்பிவிட்டோமே" என்ற குற்ற உணர்வும் பலரை இன்னும் விடவில்லை. வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் இதைத் தினமும் காண்கிறோம். நெஞ்சு நோகிறது என்று வருவார்கள், ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். நித்திரை இல்லை என்பார்கள். காரணம் கேட்டால் கண் கலங்கும். இப்படிக் கட்டுண்டிருக்கும் நமக்கு விசுவாசம் தரும் விடுதலை எது?

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் அடிக்கப்பட்டு, உட்காவலறையிலே கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடந்தார்கள். முதுகுக் காயங்களுக்கு யாரும் மருந்து போடவில்லை. நடுராத்திரியில் அவர்கள் ஜெபித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கதவு திறந்தபின்னும் அவர்கள் ஓடவில்லை. கைதிகள் தப்பிவிட்டார்கள் என நினைத்துச் சிறைக்காவலன் வாளை உருவித் தன்னையே மாய்க்கப் பார்த்தான். பவுல் சத்தமிட்டுத் தடுத்தார். தம்மைப் பூட்டிவைத்தவனின் உயிரைப்பற்றி நினைக்க அவருக்கு மனதில் இடம் இருந்தது. கதவு திறக்குமுன்பே, ஜெபத்திலே அவர் விடுதலையாகிவிட்டார். பயத்துக்கும் பகைக்கும் அடிமையாயிருப்பவரால் அந்த நேரத்தில் இன்னொருவரைப் பார்த்திருக்க முடியாது. அதே இராத்திரியில் அந்தக் காவலன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். பகைவனாயிருந்தவன் முதலுதவி செய்தவனானான்.

மறுநாள் அதிகாரிகள், இருவரையும் சத்தமில்லாமல் போகவிடச் சொல்லி ஆளனுப்பினார்கள். பவுல் சம்மதிக்கவில்லை. விசாரணையின்றி அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்றார். ஆகவே மன்னிப்பு என்பது அநியாயத்தை மூடி மறைப்பதல்ல. காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு 2017 முதல் வீதியோரப் பந்தலில் இருந்து கேள்வி கேட்கும் தாய்மாரிடம், "ஜெபித்துவிட்டு மறந்துவிடுங்கள்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. உண்மையைக் கேட்கும் அந்தத் தாயோடு கூட இருந்து ஜெபிப்பதே நம் கடமை.

இன்னுமொரு தவறான எண்ணத்தையும் நாம் களைய வேண்டும். மனச்சோர்வால் வாடும் சகோதரியிடம், "விசுவாசம் போதாது, இன்னும் ஜெபியுங்கள்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அவள் சுமையின்மேல் மற்றொரு சுமை. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் இது. ஜெபமும் மருந்தும் இங்கே ஒன்றாகவே வளர்ந்தன. மாத்திரை எடுப்பதும் ஆலோசகரிடம் போவதும் அவிசுவாசமல்ல.

நாம் கேட்டது கிடைக்காத ஜெபங்களும் உண்டு. குணமாகும் என்று முழங்காலிலிருந்து மன்றாடியும் பிள்ளையை இழந்த பெற்றோரின் முன் நாங்கள் வார்த்தையின்றி நின்றிருக்கிறோம். கெத்செமனேயில் ஆண்டவர் கேட்ட பாத்திரமும் நீங்கவில்லை. ஆனால் வியர்வை சிந்தி ஜெபித்து எழுந்தவர், தம்மைப் பிடிக்க வந்தவர்களை நோக்கித் தாமே நடந்தார். நிலைமை அப்படியே இருந்தது. அதை எதிர்கொள்ளும் பெலன் அவருக்கு இருந்தது. நம் ஜெபத்திலும் பலமுறை இதுவே நடக்கிறது.

அன்பான சகோதரிகளே, தினமும் ஐந்து நிமிடம் போதும். நம்மைக் கட்டிவைத்திருக்கும் பயத்தை அதன் பெயர் சொல்லியே ஆண்டவரிடம் ஒப்படைப்போம். நாம் பேசாமல் விட்டிருக்கும் ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அவருக்காக ஜெபித்துக்கொண்டே அவரை வெறுப்பது நாளடைவில் கடினமாகிவிடும். பிறகு இயலுமானால் தொலைபேசியை எடுப்போம். கிறிஸ்து நம்மை விடுவித்தது, அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யவே என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபம் நினைவூட்டுகிறது.

நூறு ஆண்டுகள் இச்சங்கத்தைக் காத்த ஆண்டவர், கடல் கடந்தும் உள்ளூரிலும் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் அந்த விடுதலையைத் தந்தருள்வாராக. ஆமென்.