மகளின் ஆரோக்கியமும் ஓர் அமானிதம்



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! அன்பிற்குரிய இளைஞர், யுவதிகளே!

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பிள்ளைகள் அல்லாஹுத்தஆலா நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதங்கள். அவர்களது ஈமானைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகின்றோம். ஆனால், பெண் பிள்ளைகளின் உடல்நலம் தொடர்பான ஒரு விடயத்தைப் பேச வெட்கப்படுகின்றோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயே அவ்விடயம். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 350,000 பெண்கள் இந்நோயினால் மரணித்தனர். இதனை உண்டாக்குவது பெரும்பாலும் எச்.பி.வி. எனும் வைரஸ் ஆகும். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் அதனை முழுமையாகப் பெற்றுக்கொண்ட பெண்களுள் ஒருவருக்கேனும் இப்புற்றுநோய் ஏற்படவில்லை என 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது.

அவ்வாறாயின், எல்லா நாடுகளும் இதனைச் சமமாகப் பெற்றுக்கொண்டனவா? இல்லை.

ஆபிரிக்காவின் வறிய நாடுகளுள் ஒன்றான ருவண்டா, 2011ஆம் ஆண்டில் இத்தடுப்பூசியைப் பாடசாலைகளில் வழங்கத் தொடங்கியது. நூற்றுக்கு 90இற்கும் அதிகமான மாணவியர் அதனைப் பெற்றனர். பாடசாலைக்கு வராத பிள்ளைகளைக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்கள் தேடிச் சென்றனர். மதத் தலைவர்கள் மக்களுக்கு விளக்கமளித்தனர்.

செல்வம் கொழிக்கும் ஜப்பானிலோ நிலைமை வேறு. அங்கே நூற்றுக்கு 70 அளவில் இருந்த எண்ணிக்கை, நூற்றுக்கு 1இற்கும் கீழாக வீழ்ந்தது. ஊசி ஏற்றிய சில பிள்ளைகளுக்கு வலி ஏற்பட்டதாகச் செய்திகள் பரவியதை அடுத்து, அரசாங்கம் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தனது பரிந்துரையை நிறுத்திவைத்தது. நகோயா நகரில் நடந்த பெரும் ஆய்வு, அவ்வறிகுறிகளுக்கும் ஊசிக்கும் தொடர்பைக் காணவில்லை. எனினும் 2022ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே பரிந்துரை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இவ்வீழ்ச்சியின் விளைவாக எதிர்காலத்தில் சுமார் 5,000 பெண்கள் உயிரிழக்கக்கூடும் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

நமது சகோதர முஸ்லிம் நாடாகிய பாகிஸ்தான் 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்திட்டத்தை ஆரம்பித்தபோது, இது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி பரவியது. பல பெற்றோர் மறுத்தனர். அந்நாட்டுச் சுகாதார அமைச்சரோ, தம் சொந்த மகளுக்கே மக்கள் முன்னிலையில் ஊசி ஏற்றச் செய்தார்.

அன்பர்களே! வறுமையும் செல்வமும் மாத்திரம் இவ்வேறுபாட்டைத் தீர்மானிக்கவில்லை. மக்கள் எந்தச் செய்தியை நம்பினார்கள் என்பதும் தீர்மானித்தது. சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம், தீயவன் ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு நமக்குக் கட்டளையிடுகின்றது. விசாரிக்காமல் நடந்தால் அறியாமையினால் பிறருக்குத் தீங்கிழைத்து, பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கின்றது. வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவை அடுத்தவருக்கு அனுப்பும் விரலும் இக்கட்டளைக்கு உட்பட்டதே!

“எங்கள் மகள் ஒழுக்கமானவள், அவளுக்கு இது எதற்கு?” எனச் சில தந்தையர் கேட்கின்றனர். இக்கேள்வியின் பின்னாலுள்ள ரோசத்தை நான் மதிக்கின்றேன். ஆனால், இந்த வைரஸ் எவ்வித அறிகுறியுமின்றிப் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கக்கூடியது. தௌபா செய்து திருந்திய கணவரிடமிருந்தும், முன்னர் ஹலாலாக மணமுடித்து வாழ்ந்த ஒருவரிடமிருந்தும் கூட, பத்தினிப் பெண்ணுக்கு அது தொற்றலாம். எனவே ஊசி ஏற்றுவது மகளின் கற்பைச் சந்தேகிப்பதாகாது. அதே வேளை, எந்த ஊசியும் ஹராமை ஹலாலாக்கி விடுவதுமில்லை. இளைஞர்களே! உங்கள் இன்றைய ஒழுக்கம், நாளைய உங்கள் மனைவியின் ஆரோக்கியத்திற்கும் அரணாகும் என்பதை மறவாதீர்கள்.

நோய்க்கு மருந்து தேடுவதைப் பெருமானார் அவர்கள் ஏவினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்தார்கள். தவக்குல் என்பது கைகட்டி நிற்பதன்று.

நமது நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் தரம் 6 மாணவியருக்காக இத்தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பாடசாலையிலிருந்து மகள் படிவம் கொண்டுவந்தால் அதனை ஓரமாய் வைத்துவிடாதீர்கள். சந்தேகம் இருப்பின், பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். ஒவ்வாமை போன்ற நோய்கள் இருப்பின் முற்கூட்டியே கூறுங்கள். மகளுக்கும் அவளது வயதுக்கேற்ப அன்போடு விளக்குங்கள். தாய்மார்களே! ஊசி பெறாத தலைமுறை நீங்கள். 35 வயதை அடைந்தவர்கள் மகளிர் கிளினிக்கிற்குச் சென்று பரிசோதித்துக்கொள்ளத் தயங்காதீர்கள்.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவர். அவ்விசாரணையில், கேள்விப்பட்ட வதந்தி ஒன்று நமக்கு விடையாக அமையாது.

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களைக் கொடிய நோய்களிலிருந்து பாதுகாப்பாயாக! உண்மையைத் தேடி அறிந்து செயலாற்றும் பாக்கியத்தை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.