நழுவலை அளந்தறிவோம்!



ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீளும் குமரி மாவட்டக் கடற்கரையில், கட்டுமரமும் வள்ளமும் பாயாலும் துடுப்பாலும் ஓடிய காலம் உண்டு. 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்டன. வெளிப்பொறிகளும் கரையெங்கும் பரவின. காற்று கூலி கேட்டதில்லை, எண்ணெய் கேட்கிறது. அவ்வெண்ணெய்க்கு ஈடாகப் படகு ஓடுகிறதா என்று அறியும் கணக்கு ஒன்றுண்டு. மீன்பிடிப்போர் அதனைத் தம் தாய்மொழியிலேயே போட்டுப் பார்க்கலாம்.

மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால், அது தன் புரியிடையளவு உள்ளே செல்லும். 'புரொப்பெல்லர்' எனப்படும் சுழலுந்தியும் ஒரு திருகாணியே. ஆனால், நீர் மரம்போல் இறுகி நில்லாது, பின்னே விலகும். ஆதலின் படகு புரியிடைக் கணக்கினும் குறைவாகவே முன்செல்லும். அக்குறைவே நழுவல்.

ஓர் எடுத்துக்காட்டு. பொறி மணித்துளிக்கு 3600 சுற்று. பற்சக்கரம் அதனைப் பாதியாக்க, சுழலுந்திக்கு 1800 சுற்று. பொறியின் சுற்றையே சுழலுந்தியின் சுற்றாகக் கொண்டால் கணக்குப் பிழைபடும். புரியிடை 8 விரலம், அதாவது அங்குலம், எனின் மணித்துளிக்கு 14,400 விரலம், 1200 அடி. இது கணக்கு விரைவு.

உண்மை விரைவை அறியக் கணியம் போதும். மலைமுகடும் கோயிற்கோபுரமும் ஒரே கோட்டில் வரக்கண்டு கடலடிப் பாறையின் இடமறிந்தவர் நம் மீனவர். அவ்வாறே கரையில் இரு கணியங்கள் கொண்டு, தொலைவை அளந்து, அவற்றிடையே ஒரே சுற்றில் படகை ஓட்டி நேரம் குறித்திடுக. ஒருமுறை ஓடினால் போதாது. நீவாடு ஒருபுறம் தள்ளும், மறுபுறம் தடுக்கும். போகையில் மணித்துளிக்கு 900 அடி, வருகையில் 780 அடி எனின், இரண்டையும் கூட்டிப் பாதியாக்க 840 அடி. 1200-இல் 360 அடி குறைவு. நழுவல் 30 விழுக்காடு.

நழுவல் முழுவதும் வீண் என்றெண்ணற்க. நீரைப் பின்தள்ளினாலன்றிப் படகு முன்செல்லாது. ஆயினும் அதே படகு, அதே சுமை, அதே சுற்று. முன்பு 30 விழுக்காடு, இன்று 40 எனின் கரணியம் தேடவேண்டும். அடிப்புறத்தில் பாசியும் கொட்டலசும் படிந்திருக்கலாம். இலை வளைந்தோ விளிம்பு சிதைந்தோ இருக்கலாம். பொருந்தாச் சுழலுந்தியை வாங்கி மாட்டியிருப்பின், நழுவல் முதல் நாளிலேயே மிகுந்து காட்டலாம்.

இன்று செயற்கைக்கோள்வழி விரைவு காட்டும் கருவிகள் படகில் உள்ளன. அவை காட்டுவது நிலத்தை நோக்கிய விரைவே. நீவாடு அதிலும் கலந்திருக்கும். ஆகவே போக்கும் வரவும் அன்றும் இன்றும் வேண்டும்.

புதுப்படகு இறங்கும் நாளிலேயே நழுவலை அளந்து குறித்து வையுங்கள். திங்கள்தோறும் ஒப்பிடுங்கள். பொறி விற்பவர் சொல்லைக் கேட்டுத் தலையசைத்த நிலை மாறட்டும்! கணியம் கண்ட கண்களுக்கு இக்கணக்கு எட்டாததன்று.