ட்யூப் லைட்டுக்குள் எத்தனை டிகிரி?

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய ட்யூப் லைட் இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம். சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த விளக்கைச் சொல்கிறேன், எல்.இ.டி. பட்டையை அல்ல. அதன் கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே ஓடும் எலெக்ட்ரான்களுக்கோ ஏறத்தாழ 11,000 டிகிரி வெப்பநிலை. சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான்!

அப்படியானால் குழாய் ஏன் உருகவில்லை? உள்ளே வாயு மிகக் குறைவு. மின்சாரம் விரட்டுவது எலெக்ட்ரானை. அது மோதும் ஆர்கான் அணு அதைவிட 70,000 மடங்குக்கும் மேல் கனமானது. அதனால் எலெக்ட்ரான் திசை மாறித் தெறிக்கிறதே தவிர, அணுவைச் சூடாக்க அது கொடுப்பது சொற்பம். ஒரே குழாயில் இரண்டு வெப்பநிலைகள்! இப்படி எலெக்ட்ரானும் அயனியும் கலந்து கிடக்கும் வாயுதான் பிளாஸ்மா.

இதை எப்படி அளப்பது? தெர்மாமீட்டரை நுழைத்தால் அதுவும் வெதுவெதுப்பைத்தான் காட்டும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். எலெக்ட்ரானிடம் அடிபட்ட அணு கிளர்ந்து உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்குப் போகும். இறங்கும்போது தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும்; பிரித்த ஒளியில் அது ஒரு கோடாகத் தெரியும். வெவ்வேறு மட்டங்களிலிருந்து வரும் கோடுகளின் பிரகாசத்தை ஒப்பிட்டால், போல்ட்ஸ்மன் வகுத்த விதி வெப்பநிலையைச் சொல்லிவிடும்.

ஆனால் அந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அணு ஏறுவதும் இறங்குவதும் மோதல்களாலேயே சமன்பட்டிருக்க வேண்டும். அடர்த்தியான மின்வில்லில் அது ஓரளவு நடக்கும். ட்யூப் லைட்டில் நடக்காது. அடுத்த மோதல் வருவதற்குள் அணு ஒளியை உமிழ்ந்து இறங்கிவிடும். அங்கேயும் விதியைப் போட்டுப் பார்த்தால் ஓர் எண் கிடைக்கத்தான் செய்யும். அது எதனுடைய வெப்பநிலையும் அல்ல! பிளாஸ்மாவை அளக்கும் வேலையில் கருவியைவிட இந்த எண்ணைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

இங்கேதான் ஹீலியம் கைகொடுக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்ட கதையை முதலில் பார்ப்போம். 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். சூரியச் சுடர்களின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணத் தோன்றியது. அது சோடியத்தின் கோட்டிலிருந்து சற்று விலகி நிற்பதை அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்கியர் காட்டினார். அந்தக் கோட்டுக்குரிய ஹீலியம் பூமியில் அகப்பட்டது 1895இல்தான்.

இன்று அணுக்கரு இணைவு ஆய்வுகளில், பிளாஸ்மாவின் ஓரத்தில் சிறிது ஹீலியத்தை ஊதி அதன் ஒளியை அளக்கிறார்கள். எலெக்ட்ரான் வெப்பம் ஏற ஏற, 728.1 நானோமீட்டர் கோட்டோடு ஒப்பிட்டால் 706.5 கோடு மங்கிக்கொண்டே போகும். சமநிலை இருப்பதாக வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு மோதலுக்கும் உமிழ்வுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு வெப்பநிலையை எடுக்கிறார்கள். அடர்த்தியைச் சொல்ல 667.8 கோடும் சேர்ந்துகொள்கிறது. பேர்போன அந்த மஞ்சள் கோடு, 587.6, இந்த மூன்றில் இல்லை.